ரங்கூனில் இருந்த ‘ர’ எங்கே போனது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், பர்மா, பர்மிய மொழி, பர்மா தாத்தா என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கிரிக்கெட், ஜோசியம், தங்கம் விலை கேட்டவர்கள் மன்னிக்கவும், இந்த முறை பக்கம் முழுக்கப் பர்மாதான்.

பொது அறிவுப் போட்டிக்கு அட்டவணை போடுகிறேன். ஆங்கிலம் எத்தனை நாடுகளில் பேசப்படுகிறது, பர்மிய மொழி எத்தனை நாடுகளில் பேசப்படுகிறது? இரண்டே இரண்டு எண் சொன்னால் போதும்.
– கல்லூரி மாணவி, விருதுநகர்

ஆட்சி மொழிக் கணக்கில் ஆங்கிலத்துக்கு 50-க்கும் மேல், பர்மிய மொழிக்கு ஒன்றே ஒன்று, மியான்மர். அட்டவணைக்கு இது போதும். ஆனால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பார்க்கிறவர்களுக்குத் தப்பான படம்தான் கிடைக்கும், அதனால் இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஆங்கிலத்தின் 50-இல் நம் நாடும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் ஆங்கிலம்தான் என் தாய்மொழி என்று இந்தியாவில் பதிந்தவர்கள் எவ்வளவு பேர் தெரியுமா? சுமார் 2.6 லட்சம். நம் ஊர் நகராட்சி ஒன்றிரண்டு சேர்ந்தால் அவ்வளவு ஆள் வந்துவிடும். இரண்டாவது மொழியாகத் தெரியும் என்றவர்கள் 8 கோடிக்கு மேல், மூன்றாவதாகத் தெரியும் என்றவர்கள் இன்னும் 4 கோடிக்கு மேல். நைஜீரியா, கானா, கென்யா என்று போனாலும் இதே கதைதான், கோர்ட்டிலும் காலேஜிலும் ஆங்கிலம் இருக்கும், அடுப்படியில் இருக்காது. உலகம் முழுக்க ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 150 கோடி, அதில் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் 40 கோடிக்குள்தான். பர்மிய மொழியில் விகிதம் அப்படியே தலைகீழ்: தாய்மொழியாகச் சுமார் 3.3 கோடிப் பேர், கற்றுக்கொண்டு பேசுகிறவர்கள் ஒரு கோடி போல.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தின் பெரிய வீடான அமெரிக்காவில் 2025 மார்ச் வரைக்கும் நாடு முழுமைக்கும் ஆட்சி மொழி என்று எதுவும் அறிவிக்கப்படவே இல்லை, அன்றைக்குத்தான் அதிபர் ஆணை போட்டு ஆங்கிலம் என்றார். ஆஸ்திரேலியாவில் இன்னும் சட்டத்தில் கிடையாது. ஆக ஆட்சி மொழிப் பட்டியலை வைத்து ஆங்கிலத்தை எண்ணினால் ஆங்கிலக்காரனே சில இடங்களில் விட்டுப்போவான்.

பர்மிய மொழியையும் அந்த ‘ஒன்று’க்குள் அடைத்துவிட முடியாது. தாய்லாந்தில் மட்டும் மியான்மர் தொழிலாளர்கள் 20 லட்சத்துக்கு மேல். பாங்காக்குக்குப் பக்கத்தில் மஹாசாய் என்று ஒரு மீன்பிடி ஊர், இறால் உரிக்கிற, மீன் பதப்படுத்துகிற வேலைக்கு இவர்கள்தான், கடைப் பலகையில்கூட வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்து. எல்லையில் மே ஸோட், ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவடி. சிங்கப்பூரில் பெனின்சுலா பிளாசா வணிக வளாகம், டோக்கியோவில் தகதனோபாபா, தைவானில் சீன வம்சாவளிப் பர்மாக்காரர்கள் குடியேறிய ஹுவாசின் தெரு, அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் போர்ட் வெய்ன் என்று எங்கெங்கோ பர்மிய மொழி கேட்கும். வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதியில் மர்மா மக்கள் பேசுவதும் இதன் நெருங்கிய உறவு மொழிதான், எழுத்தும் அதே எழுத்து. இதில் ஒன்றும் ஆட்சி மொழிப் பட்டியலில் வராது. ஆங்கிலம் கப்பலேறிப் போனபோது பீரங்கியும் கூடவே போனது. பர்மிய மொழி போனது தோளில் பையோடு, ஏஜெண்டுக்குப் பணம் கட்டிவிட்டு. 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு, அதிலும் 2024-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்த பிறகு, அந்தப் பயணம் இன்னும் வேகம் பிடித்திருக்கிறது.

அட்டவணையில் மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: ‘எப்படிப் போனது’. நடுவர் கேட்டால் என்னைக் கை காட்டுங்கள்.

பர்மா என்பதா, மியான்மர் என்பதா? ரங்கூனா, யாங்கோனா? எது சரி?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தேவகோட்டை

ஐயா, நீங்கள் வாத்தியார், நான் சொல்வதில் பிழை இருந்தால் காதைத் திருகுங்கள்.

1989-இல் ராணுவ அரசு சட்டம் போட்டு ‘பர்மா’வை ‘மியான்மர்’ ஆக்கியது என்று நாம் படித்திருக்கிறோம். அது ஆங்கிலத்தில் எழுதும் பெயருக்குத்தான். பர்மிய மொழியில் 1948-லிருந்தே நாட்டின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘மியன்மா’தான். ஏடுகளில் ‘மியன்மா’, பேச்சில் ‘பமா’, இரண்டும் ஒரே பெயரின் இரு வடிவம், நாம் ‘தஞ்சாவூர்’ என்று எழுதிவிட்டு ‘தஞ்சாவூரு’ என்பதைவிடக் கொஞ்சம் தூரம் அதிகம், அவ்வளவுதான்.

கவனித்தீர்களா, இரண்டிலும் கடைசியில் ‘ர்’ இல்லை! இங்கிலாந்துக்காரன் ‘கார்’ என்று எழுதிவிட்டு ‘கா’ என்றுதான் சொல்வான், நெடிலைக் காட்ட அவனுக்கு அந்த எழுத்து வேண்டும். அப்படித்தான் பமாவுக்கு நடுவிலும் மியன்மாவுக்குக் கடைசியிலும் ‘ர்’ ஒட்டிக்கொண்டது. அவன் அதை உச்சரிக்கவில்லை, நாம்தான் அவன் எழுத்தைப் பார்த்து ‘மியான்மர்ர்’ என்று நாக்கைச் சுழற்றிக்கொண்டிருக்கிறோம்.

ரங்கூன் விஷயம் நேர் எதிர். அங்கே ‘ர’ நிஜமாகவே இருந்தது. பர்மிய எழுத்தில் இன்றைக்கும் ஊர்ப் பெயர் ‘ர’வில்தான் தொடங்குகிறது, ஆனால் யாங்கோன், மண்டலேப் பக்கத்துப் பேச்சில் பழைய ‘ர’ எல்லாம் ‘ய’ ஆகிவிட்டது. மேற்குக் கரையில் ரக்கைன் மாநிலத்துக்காரர்கள் மட்டும் அந்த ‘ர’வை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆக, ‘ரங்கூன்’ என்று சொன்ன நம் தாத்தாக்கள் தப்பாகச் சொல்லவில்லை, எழுதியபடி சொன்னார்கள்.

பேச்சில் நான் இன்னும் பர்மா, ரங்கூன்தான். எழுதும்போது இடம் பார்த்து மாற்றிக்கொள்வேன்.

ஆங்கிலம், பர்மிய மொழி இரண்டில் எது பெரிய மொழி?
– பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், ஈரோடு

யாங்கோன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் பர்மிய மொழி.

இந்தியாவையும் பர்மாவையும் ஒரே வெள்ளைக்காரன்தான் ஆண்டான். நம்மிடம் ஆங்கிலம் இப்படி ஒட்டிக்கொண்டது, அங்கே ஏன் ஒட்டவில்லை?
– வங்கி ஊழியர், திருச்சி

நல்ல கேள்வி, ஏனென்றால் 1937 ஏப்ரல் 1 வரை பர்மா என்பது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதே சர்க்கார், அதே ரூபாய், அதே சட்டப் புத்தகம்.

முதல் காரணம் காலம். சென்னையில் கம்பெனிக்காரன் கோட்டை கட்டத் தொடங்கியது 1640-இல். பர்மாவை மூன்று போர்களில் துண்டு துண்டாகத்தான் பிடித்தான்: 1826-இல் கரையோரம், 1852-இல் தென்பகுதி, 1885-இல்தான் மன்னரின் தலைநகர் மண்டலே. கடைசி மன்னர் தீபோவை நம் ரத்னகிரிக்கு நாடு கடத்தினார்கள், நம் கடைசி முகலாயரை ஏற்கெனவே ரங்கூனுக்கு அனுப்பியிருந்தார்கள், என்ன கணக்கோ! மண்டலேக்காரன் வெள்ளைக்காரன் கொடியின் கீழ் இருந்தது மொத்தமே அறுபது சொச்சம் வருஷம்.

இரண்டாவது, அங்கே ஊருக்கு ஊர் புத்த மடத்தில் பையன்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற வழக்கம் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இருந்தது. பர்மிய மொழியில் பள்ளிக்கூடத்துக்கும் மடத்துக்கும் ஒரே சொல்தான்.

மூன்றாவதில் நமக்கும் பங்கு உண்டு. ஆங்கிலம் படித்தால் குமாஸ்தா வேலை என்பதுதானே இங்கே எல்லோரையும் இழுத்தது? ரங்கூனில் அந்த நாற்காலிகளில் நிறையப் பேர் இந்தியர்கள். துறைமுகக் கூலியும் இந்தியர், வட்டிக்கடையும் இந்தியர். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான், கடைத்தெருவில் பர்மிய மொழியைவிட இந்துஸ்தானி செல்லுபடியானது. 1930களின் பிற்பாதியில் தென்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. சொந்த ஊரில் ஆபீஸ் ஒரு மொழி, சந்தை இன்னொரு மொழி, நிலம் வேறொருவன் பெயரில் என்றால் கோபம் வராதா? ரங்கூன் பல்கலைக்கழகம் தொடங்கிய 1920-லேயே மாணவர் வேலைநிறுத்தம். 1930களில் ‘தக்கின்’ இளைஞர்கள் கிளம்பினார்கள், தக்கின் என்றால் எஜமான், வெள்ளைக்காரனைக் கூப்பிட வேண்டிய பட்டத்தைத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்கள். ‘பர்மா நம் நாடு, பர்மிய எழுத்து நம் எழுத்து, பர்மிய மொழி நம் மொழி’ என்பதுதான் அவர்கள் முழக்கம். நம் 1938-ஐயும் 1965-ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு வித்தியாசம், நாம் இந்தியைத் தள்ள ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டோம், அவர்களுக்குத் தள்ள வேண்டியதே ஆங்கிலமாக இருந்தது.

1948 ஜனவரி 4-இல் விடுதலை, காமன்வெல்த்தில்கூடச் சேரவில்லை. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், மிஷன் பள்ளிகள் அரசுடைமை, படிப்பெல்லாம் பர்மிய மொழியில். இருபது வருஷம் கழித்து ஆங்கிலத்தைத் திரும்பக் கீழ் வகுப்பிலிருந்து கொண்டுவந்தார்கள். நே வின் மகளுக்கே வெளிநாட்டுப் படிப்பில் ஆங்கிலம் தகராறு செய்ததால்தான் இந்த மனமாற்றம் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதை கதையாகவே இருக்கட்டும். 1997-இல் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் சேர்ந்த பிறகு வேறு வழியும் இல்லை, ஆசியான் சாசனப்படி அதன் அலுவல் மொழி ஆங்கிலம் ஒன்றுதான். பக்கத்து வீட்டுத் தாய்லாந்துக்காரரோடு மேசையில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் ஆங்கிலம்தான் பேச வேண்டும்.

மியான்மரில் எல்லோருக்கும் பர்மிய மொழிதானே தாய்மொழி?
– வாசகி, கும்பகோணம்

இல்லை அம்மா. ஷான், கரேன், கச்சின், சின், மோன், கயா என்று அரசுக் கணக்கிலேயே 135 இனங்கள், அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்ட ரோஹிங்கியாக்கள் தனி. மலைப்பகுதிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் கேட்கும் பர்மிய மொழி, நம் கிராமத்துப் பிள்ளைக்குக் கான்வென்டில் கேட்கும் ஆங்கிலம் மாதிரிதான். ஆங்கிலத்தை எதிர்த்து நின்ற அதே மொழி, கச்சின் வீட்டு வாசலில் அதிகாரத்தின் மொழியாகப் போய் நிற்கிறது. ‘ஆங்கிலம் ஆதிக்க மொழி, பர்மியம் பாவப்பட்ட மொழி’ என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

கச்சின், சின் மொழிகளுக்கு மிஷனரிகள் கொடுத்தது ஆங்கில எழுத்து, கரேனுக்குக் கொடுத்தது பர்மிய எழுத்தை ஒட்டிய எழுத்து. இப்போது அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரத்தில் கரேன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், இந்தியானாபோலிஸில் சின்கள். அகதி முகாமில் இருந்துவிட்டு வந்த கரேன் பாட்டி ஒருவரைப் ‘பர்மாவிலிருந்து வந்தவர்’ என்று சொல்லி ஆஸ்பத்திரியில் பர்மிய மொழிபெயர்ப்பாளரைக் கூட்டி வந்தால், பாட்டியும் விழிப்பார், வந்தவரும் விழிப்பார். உலக வரைபடத்தில் பர்மியர் என்று வண்ணம் பூசிய இடமெல்லாம் பர்மிய மொழி இடம் அல்ல.

மகன் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். அறைத் தோழர் பர்மாக்காரர். பத்து நாளில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டேன் என்கிறான். அவ்வளவு சுலபமா?
– தாய் ஒருவர், பட்டுக்கோட்டை

நாலு வார்த்தை சுலபம், வாக்கிய அமைப்பும் நமக்குச் சுலபம், ஆங்கிலத்தைவிட. ‘நான் சோறு சாப்பிடுகிறேன்’ என்ற அதே வரிசையில்தான் அவர்களும் சொல்வார்கள், வினை கடைசியில், வேற்றுமை உருபு மாதிரியானதெல்லாம் பெயருக்குப் பின்னால். கேள்வியாக்க நாம் கடைசியில் ‘ஆ’ போடுவதுபோல அவர்கள் ‘லா’ போடுவார்கள். ‘தமின் சா பீ பீ லா?’ என்றால் சோறு சாப்பிட்டாச்சா. நம்மைப் போலவே ஆளைப் பார்த்ததும் அதைத்தான் கேட்பார்கள். எழுத்து நடை வேறு, பேச்சு நடை வேறு என்பதிலும் நம் ஜாதி.

சிக்கல் தொனியில். ‘சா’ என்பதைச் சாதாரணமாகத் தாழ்த்திச் சொன்னால் எழுத்து, கடிதம். உயர்த்தி இழுத்தால் சாப்பிடு. வெடுக்கென்று தொண்டையில் இறுக்கி நிறுத்தினால் தொடங்கு. நமக்குக் காதில் மூன்றும் ஒன்றாகத்தான் விழும், நம் ‘சா’வுக்கு வேறு அர்த்தம் என்பதை மகன் அறைத் தோழரிடம் சொல்லி வைக்கட்டும். ஆண் தன்னைச் சொல்லும் ‘நான்’ வேறு, பெண் சொல்வது வேறு, அதையும் நண்பரையே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், தெரியாமல் பெண் சொல்லும் ‘நான்’ சொன்னால் அறையே சிரிக்கும்.

தமிழ்நாட்டில் இன்னும் யாராவது பர்மிய மொழி பேசுகிறார்களா?
– கல்லூரி ஆசிரியை, மதுரை

1964-இல் பர்மாவில் கடைகளும் வணிகமும் அரசுடைமை ஆகி, பெரிய நோட்டுகளும் செல்லாது என்றானபோது கப்பலில் வந்து இறங்கியவர்கள் இப்போது எழுபது எண்பதைத் தாண்டியவர்கள். சென்னையில் அவர்களுக்காக 1969-இல் தொடங்கிய பர்மா பஜாரிலும் வியாசர்பாடிப் பக்கத்திலும் திருச்சி, மதுரை பர்மா காலனிகளிலும் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். பேரன்களிடம் மொழி போய்விட்டது, சொல் மட்டும் தட்டில் இருக்கிறது. பீச் ஸ்டேஷன் எதிரே வண்டிக்கடையில் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுக்கிறாரே, அந்த ‘அத்தோ’ என்ற பெயருக்கே பர்மிய மொழியில் பிசைந்தது என்றுதான் அர்த்தம். கையுறை போட்டுக் கரண்டியில் கலக்கிக் கொடுக்கிற புதுக்கடைகளில் நான் சாப்பிடுவதில்லை.

மொழி இன்னும் நிஜமாகப் புழங்குகிற தமிழர் ஊர் வேண்டுமென்றால் மணிப்பூர் எல்லையில் மோரே. பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று நடந்தே போனவர்கள் எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள், அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டினார்கள். எதிரே தமு, பர்மியச் சந்தை.

மியான்மர் தோழியின் பழைய பேஸ்புக் பதிவுகள் என் போனில் எழுத்து உடைந்து தெரிகின்றன, புதியவை சரியாக இருக்கின்றன. ஏன்?
– மென்பொருள் ஊழியர், கோவை

பாமினி, டிஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துமுறையில் கணினித் தமிழ் ஓடிய காலம் தெரிந்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் புரியும்: எழுத்துரு. அங்கே ‘ஸாஜி’ என்ற எழுத்துருதான் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, எல்லா மொழிக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கென்று ஒதுக்கிய இடங்களையும் அது பர்மிய எழுத்துக்கே எடுத்துக்கொண்டது. 2019 அக்டோபர் 1-இல் அரசு நாள் குறித்து யூனிகோடுக்கு மாறச் சொன்னது. தோழியின் பழைய பதிவுகள் அதற்கு முந்தையவையாக இருக்கும், யூனிகோடை எதிர்பார்க்கிற உங்கள் போனில் அதனால்தான் உடைகின்றன.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் வட்ட வட்டமாக எழுதிய ஒரு ரசீது. பர்மா பஜார் பெரியவரிடம் காட்டினோம், தேதியில் வருஷம் 1291 என்று படித்தார். எழுநூறு வருஷத்துப் பழசா? விற்றால் விலை போகுமா?
– வாசகர், காரைக்குடி

எழுநூறு வருஷத்துக்கு முந்தியதாக இருந்தால் உங்கள் தாத்தாவைத்தான் முதலில் மியூசியத்தில் வைக்க வேண்டும்! அது பர்மிய ஆண்டு. 638 கூட்டுங்கள், 1929. அவர்களுக்கும் நம் சித்திரை ஒட்டித்தான் வருஷப் பிறப்பு, அதனால் மாதம் தை, மாசி, பங்குனிக் கணக்கில் வந்தால் 1930. செட்டியார் கடை வியாபாரம் ஓகோ என்றிருந்த காலம், நெல் விலை விழப்போகிற சமயம்.

பெரியவர் இல்லாத நேரத்தில் நீங்களே கொஞ்சம் படித்துப் பார்க்கலாம். மேலே திறந்த வட்டம் வந்தால் அது ‘ப’, நம் ‘ப’வின் மூலைகளைத் தேய்த்து உருட்டினால் அதுதான். அவர்கள் ‘ய’வும் நம் ‘ய’வும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி. இரண்டு எழுத்துக்கும் பாட்டி பிராமி. கீழே திறந்திருந்தால் ‘க’ வரிசையில் ஒன்று, வலப்பக்கம் திறந்திருந்தால் ‘ங’. கண் டாக்டர் காட்டும் அட்டை மாதிரி, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முழு வட்டம் வந்தால் மட்டும் ஜாக்கிரதை, அது ‘வ’வாகவும் இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம். ரசீது என்கிறீர்கள், தொகைக்குப் பக்கத்தில் வரிசையாக வட்டங்கள் இருந்தால் எண்ணிப் பார்த்து எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.